பிஸ்டன், சிலிண்டர் இடைவெளி: எஞ்சின் பிரித்துக் கட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரில் இன்னும் நிறைய வீடுகளில் பழைய புரோட்டோன் கார்களான சாகா, ஈஸ்வாரா, வீரா எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த எஞ்சினைப் பிரித்துப் புதிதாகக் கட்ட நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் எவ்வளவு இடம் வேண்டும், அதை எப்படி அளப்பது? பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு 4ஜி15 எஞ்சினை எடுத்துக்கொண்டேன். 1.5 சாகாவிலும் வீராவிலும் வந்த மிட்சுபிஷி எஞ்சின் அது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 75.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 82 மி.மீ., 1468 சிசி. உங்கள் கார் வேறாக இருந்தாலும் அளக்கும் முறை இதேதான்.

இடைவெளி என்று எதைச் சொல்கிறோம்? அது ஏன் வேண்டும்?

சிலிண்டரின் உள்விட்டத்திலிருந்து பிஸ்டனின் வெளிவிட்டத்தைக் கழித்தால் வருவதுதான் இடைவெளி. இது முழு விட்டத்தின் கணக்கு. 0.03 மி.மீ. என்றால் பக்கத்துக்கு 0.015 மட்டுமே. இதைப் பக்கத்துக்கு 0.03 என்று எடுத்துக்கொண்டு இரட்டிப்பாக போர் அடிக்கச் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கச்) சொல்பவர்கள் உண்டு. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு. 75.5 மி.மீ. அகலமுள்ள பிஸ்டன் அலுமினியம் 100 டிகிரி சூடானால் சுமார் 0.15 மி.மீ. விரியும். அதே அளவு வார்ப்பிரும்பு விரிவது சுமார் 0.08 தான். போதாததற்கு, பிளாக்கைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது, பிஸ்டனுக்கு அந்த வசதி இல்லை. எனவே எஞ்சின் ஓட ஓட இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். இதைத் தாங்கத்தான் பிஸ்டனை முழு வட்டமாகச் செய்வதில்லை. பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் கம்பி) இருக்கும் திசையில் குறுகலாக, லேசான முட்டை வடிவில் இருக்கும். தலைப்பக்கம் சிறுத்தும், ஸ்கர்ட் பக்கம் (பிஸ்டனின் கீழ்ச்சுவர்) பெருத்தும் இருக்கும். ஸ்கர்ட்டும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

இடைவெளி போதாவிட்டால் ஸ்கர்ட் உராய்ந்து கீறல் விழும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதிகமானால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக் டக் என்று தட்டும், ரிங் (பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம்) ஆடும், எண்ணெய் எரியும்.

என் காருக்கு எவ்வளவு வேண்டும்?

கார் பெயரை வைத்துப் பார்க்காதீர்கள். எஞ்சின் குறியீட்டை (4ஜி15 போல) வைத்துத் தயாரிப்பாளரின் மேனுவலைப் பாருங்கள். 4ஜி15-க்கு 0.02 முதல் 0.04 மி.மீ. வார்ப்பு பிஸ்டன் போட்ட சாதாரண பெட்ரோல் எஞ்சின்கள் பெரும்பாலும் 0.02 முதல் 0.05-க்குள் அடங்கிவிடும். ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்துச் செய்த) பிஸ்டன் அதிகம் விரியும் என்பதால் இன்னும் கூடுதலாக விடுவார்கள். அதன் அலாய்க்கு ஏற்றபடி அளவு மாறும். கம்பெனி பிஸ்டன் இல்லாமல் வேறு பிராண்டு போடுகிறீர்கள் என்றால், பெட்டிக்குள் இருக்கும் தாளில் சொல்லியிருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும். அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

செந்தூல் ரயில்வே பட்டறைக் காலத்துப் பெரியவர்களிடம் பேசினால் ‘தவ்’ கணக்கில் சொல்வார்கள். 1 தவ் என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒன்று, அதாவது 0.0254 மி.மீ. “ஒன்றரை தவ் விடு” என்றால் 0.038 மி.மீ.

வெர்னியர் இருக்கிறது, அது போதாதா?

போதாது. நல்ல வெர்னியரே 0.02 மி.மீ. வரைதான் படிக்கும். நாம் தேடுவதே 0.02, 0.03. தேடுகிற அளவும் கருவியின் பிழையும் ஒன்றாக இருந்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

வேண்டியவை ஒரு வெளி மைக்ரோமீட்டர், ஒரு டயல் போர் கேஜ் (சிலிண்டரின் உள்விட்டத்தை முள்ளால் காட்டும் கருவி). இரண்டும் 0.01-க்குக் கீழே படிப்பதாக இருக்கட்டும். மைக்ரோமீட்டர் 25 மி.மீ. படிகளாக வரும், பார்த்து வாங்குங்கள். 4ஜி15 பிஸ்டனுக்கு 75–100. 4ஜி13-இன் போர் 71 மி.மீ., 660 கன்சிலுடையது 68 மி.மீ., அவற்றுக்கு 50–75. கூடவே வரும் சரிபார்ப்புக் கம்பியை வைத்து ஒவ்வொரு முறையும் பூஜ்யம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே ஒரு எஞ்சினுக்காக இவ்வளவு செலவு செய்ய மனம் வரவில்லையா? சரி, போரிங் கடையிலேயே, உங்கள் கண்ணெதிரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல மெஷினிஸ்ட் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிஸ்டனை எங்கே அளப்பது?

பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கே, 90 டிகிரியில், ஸ்கர்ட்டில். எவ்வளவு உயரத்தில் என்பதை மேனுவலோ பெட்டித் தாளோ சொல்லும். ஸ்கர்ட்டின் அடியிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் என்று இருக்கும், ஒவ்வொரு பிஸ்டனுக்கும் அது வேறு. அந்த இடத்தை மார்க்கரால் குறித்துக்கொண்டு அளந்தால் நான்கையும் ஒரே உயரத்தில் அளக்கலாம். தலைப்பக்கம் அளந்தால் சிறிய எண் வரும், இடைவெளி பெரிதாகத் தெரியும். அதை நம்பி போரைச் சிறிதாக விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

ஸ்கர்ட்டில் கறுப்புப் பூச்சு இருந்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் பூச்சோடு சேர்த்து அளவு கொடுப்பார்கள், சிலர் பூச்சில்லாத சிறு வட்டத்தை அளப்பதற்கென்றே விட்டிருப்பார்கள். தாளில் இருக்கும்.

போர் கேஜைப் பிடித்து ஆட்டுகிறேன், முள் ஒரே இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. எப்படிப் படிப்பது?

ஆட்டத்தான் வேண்டும். கேஜ் சிலிண்டருக்குள் நேராக நிற்கும் அந்த ஒரு நொடியில்தான் அளவு மிகக் குறைவாக இருக்கும். முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டும்போது முள் ஒரு பக்கம் போய், நின்று, திரும்பி வரும். திரும்புகிற இடம்தான் உண்மையான விட்டம். சில தடவை ஆட்டிப் பாருங்கள், முள் அதே கோட்டில் திரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு கோட்டில் திரும்பினால் போரில் எண்ணெயோ தூசியோ இருக்கிறது, துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இதில் நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிற வழி ஒன்று உண்டு. பிஸ்டனை மைக்ரோமீட்டரால் அளங்கள். மைக்ரோமீட்டரை அந்த அளவிலேயே பூட்டுங்கள். பிஸ்டனை எடுத்துவிட்டு, பூட்டிய வாய்க்குள் போர் கேஜை வைத்து, முள் திரும்பும் இடத்தில் டயலைப் பூஜ்யமாக்குங்கள். அப்புறம் அதே கேஜைச் சிலிண்டருக்குள் விட்டால், டயல் காட்டுவது நேரடியாக இடைவெளிதான். கழித்தல் கணக்கே வேண்டாம். அதைவிடப் பெரிய நன்மை, மைக்ரோமீட்டர் 0.01 தவறாகக் காட்டினாலும் அந்தத் தவறு இரண்டு பக்கமும் சமமாகப் போய் அடிபட்டுவிடும்.

ஒரு சிலிண்டரில் ஆறு அளவுகள் எடுங்கள். மேலே, டெக்கிலிருந்து (பிளாக்கின் மேல்முகம்) சுமார் 10 மி.மீ. இறங்கி ஒன்று. நடுவில் ஒன்று. ஸ்கர்ட் வந்து நிற்கும் அடியில் ஒன்று. மூன்றிலும் கிராங்க் தண்டின் நீளவாட்டில் ஒரு முறை, அதற்குக் குறுக்கே ஒரு முறை. கட்டம் போட்ட தாளில் சிலிண்டர் எண்ணோடு எழுதுங்கள், நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஏர்கோன் அறையில் வைத்திருந்த பிஸ்டனை எடுத்து வந்து அளக்கலாமா?

வேண்டாம். நம் ஊரில் இதுதான் பலர் கவனிக்காமல் விடும் விஷயம்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் ஏர்கோனில் 22 டிகிரியில் இருந்த பிஸ்டனை, கதவு திறந்திருக்கும் பட்டறைக்கு மதியம் 33 டிகிரியில் கொண்டு வருகிறீர்கள். 11 டிகிரி வித்தியாசம். 76 மி.மீ. பிஸ்டன் அதனால் மட்டுமே சுமார் 0.017 மி.மீ. சிறியதாகத் தெரியும். விட வேண்டிய 0.03-இல் பாதிக்கு மேல்! டயல் 0.03 என்று காட்டும், உண்மையில் இருப்பது 0.013.

போரிங் கடையில் இது தலைகீழாக நடக்கும். ஹோனிங் கல் (போரை நுணுக்கமாகத் தேய்த்து முடிக்கும் கல்) தேய்த்து முடித்த கையோடு பிளாக் சூடாக இருக்கும். 10 டிகிரி சூடு, 76 மி.மீ. போரை 0.008 மி.மீ. பெரிதாகக் காட்டும். ஆறியதும் சுருங்கிவிடும்.

அளவுகளுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி. அதற்காகப் பட்டறையைக் குளிரூட்ட வேண்டாம். பிளாக், பிஸ்டன், மைக்ரோமீட்டர், கேஜ் நான்கையும் ஒரே மேசையருகில், வெயில் படாத இடத்தில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் அளங்கள். எல்லாம் ஒரே சூட்டில் இருந்தால், 33 டிகிரியிலும் வித்தியாசம் 0.01-க்குள் நின்றுவிடும். பிஸ்டனை உள்ளங்கையில் நெடுநேரம் வைத்திருக்காதீர்கள், கைச்சூடும் சூடுதான்.

முதலில் போர் அடித்துவிட்டு, அப்புறம் பிஸ்டன் வாங்கலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

“அண்ணே, 0.50 ஓவர்சைஸ் போடப் போறேன், பிளாக்கை அனுப்பிட்டேன், பிஸ்டன் அடுத்த வாரம் வந்துடும்” என்று சொல்லி வருகிற தம்பிகள் அதிகம். ஓவர்சைஸ் என்றால் பெரிதாக்கிய போருக்கான பிஸ்டன். 0.50 என்பது பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயர். உள்ளே இருக்கும் பிஸ்டனின் அளவு அது இல்லை. 75.5-க்கு 0.50 கூட்டினால் 76.00. அது போருக்கான எண். பிஸ்டன் அதைவிடச் சிறியதாக, 75.97 அளவில் இருக்க வேண்டும். எல்லாத் தயாரிப்பாளர்களும் அதே 75.97-இல் முடிப்பதில்லை. ஒரே பெட்டியில் இருக்கும் நான்குமே ஒன்றுக்கொன்று 0.01 மாறலாம்.

எங்களிடம் வந்த ஒரு வீராவில் இப்படித்தான் நடந்தது. பிளாக் 76.00-க்கு அழகாக போர் அடித்து வந்திருந்தது. பிறகு வாங்கிய பிஸ்டன்கள் ஸ்கர்ட்டில் 75.99. இடைவெளி 0.01. அதையாவது இன்னும் 0.02 ஹோன் செய்து சரிப்படுத்தினோம். பிஸ்டன் 75.94 ஆக இருந்திருந்தால்? இடைவெளி 0.06. எடுத்த இரும்பைத் திருப்பி ஒட்ட வழியில்லை. அடுத்த ஓவர்சைஸுக்குப் போக வேண்டும், பிஸ்டன் காசும் போர் அடித்த காசும் மறுபடி.

அதனால் வரிசை இதுதான். பழைய போரை அளந்து எந்த ஓவர்சைஸ் என்று முடிவு செய்யுங்கள். பிஸ்டனையும் அதே ஓவர்சைஸ் ரிங்கையும் வாங்குங்கள். நான்கு பிஸ்டனையும் அளந்து, தலையில் 1, 2, 3, 4 என்று மார்க்கரால் எழுதுங்கள். அவற்றை பிளாக்கோடு சேர்த்துக் கொடுத்து, “ஒன்றாம் பிஸ்டனுக்கு ஒன்றாம் சிலிண்டர், 0.03 விடுங்கள்” என்று எழுதிக் கொடுங்கள். 0.03 என்று வெறுமனே வாயால் சொன்னால் போதாது. சான் சௌ லின் பக்கம் ஒரு கடையில் ஒரே நாளில் எத்தனை பிளாக் இறங்கும் என்று பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

எந்த ஓவர்சைஸ் என்று எப்படி முடிவு செய்வது?

மிக மோசமாகத் தேய்ந்த சிலிண்டர்தான் முடிவு செய்யும். நான்கையும் அதே அளவுக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

ஒரு சிலிண்டர் மேலே 75.62, நடுவில் 75.56, அடியில் 75.52 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலேதான் அதிகத் தேய்மானம் இருக்கும். பிஸ்டன் உச்சியில் ஒரு கணம் நின்று திரும்பும்போது எண்ணெய்ப் படலம் மெலிந்திருக்கும், வெடிப்பின் அழுத்தமும் அங்கேதான் உச்சம். 0.25 ஓவர்சைஸின் போர் 75.75. 75.62-இலிருந்து 0.13 மிச்சம் இருக்கிறதே, போதும் என்று தோன்றும். ஆனால் சிலிண்டர் சுற்றிலும் சமமாகத் தேய்வதில்லை, பிஸ்டன் சாய்ந்து தள்ளும் பக்கம்தான் அதிகம் தேயும். அந்த 0.12 தேய்மானம் முழுக்க ஒரே பக்கம் என்றால், பழைய மையத்திலேயே 75.75-க்கு வெட்டும்போது பக்கத்துக்குக் கிடைப்பது 0.125. தேய்ந்த பக்கத்தில் கத்தி வெறுமனே தடவிக்கொண்டு போகும், பழைய கீறல் அப்படியே நிற்கும். இந்த நிலையில் நான் 0.50-க்குத்தான் போகச் சொல்வேன்.

0.50 போட்டால் 1468 சிசி சுமார் 1488 ஆகும். சாலை வரி 1401–1600 சிசி வரிசையில்தான் இருக்கும், அந்தக் கவலை வேண்டாம். எஞ்சின் எண்ணும் மாறாது. ஹாஃப்கட் (வெளிநாட்டுப் பழைய காரிலிருந்து வெட்டி எடுத்த) எஞ்சின் மாற்றினால் எண் மாறும், வாகனச் சோதனை, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவு என்று அலைய வேண்டியிருக்கும். பழைய பிளாக்கையே காப்பாற்றுவதில் எனக்கு இருக்கும் பிடிப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

ரிங் மட்டும் மாற்றினால் போதாதா?

போர் அளவுக்குள் இருந்தால் போதும். மேனுவலின் எல்லையைத் தாண்டியிருந்தால் காசுக்குக் கேடு.

ரிங் சிலிண்டரின் சுற்றளவோடு சம்பந்தப்பட்டது. விட்டம் 0.10 கூடினால் சுற்றளவு 0.31 கூடும், ரிங்கின் வாய் (இரு முனைகளுக்கு நடுவே உள்ள வெட்டு) அவ்வளவு திறக்கும். மேலே சொன்ன சிலிண்டரில் மேலுக்கும் அடிக்கும் வித்தியாசம் சரியாக 0.10. அதாவது புது ரிங் ஒவ்வொரு ஏற்றத்திலும் இறக்கத்திலும் 0.31 மி.மீ. திறந்து மூடிக்கொண்டே இருக்கும். சில மாதம் புகை குறைந்த மாதிரி இருக்கும், பிறகு பழைய கதைதான்.

புது ரிங் போடும்போது வாயையும் அளங்கள். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து நேராக உள்ளே தள்ளி, ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) பாருங்கள். போர் விட்டத்தில் 0.4 சதவீதம் என்பது சாதாரண ஓட்டத்துக்கான பழைய கணக்கு. 76 மி.மீ. போருக்கு அது 0.30. மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்தான் சரி. வாய் முட்டிக்கொண்டால் சூட்டில் ரிங் உடையும். கொஞ்சம் அதிகமாக இருந்தால் பெரிய ஆபத்து இல்லை.

ஃபீலர் கேஜை பிஸ்டன் பக்கத்தில் சொருகிப் பார்ப்பார்களே?

நீளமான ஃபீலர் பட்டையைச் சொருகி, பிஸ்டனோடு சேர்த்து இழுத்துப் பார்ப்பது பழைய முறை. வண்டி பிரித்த இடத்திலேயே மோசமா, பரவாயில்லையா என்று தெரிந்துகொள்ள உதவும். தட்டையான பட்டை வளைந்த இடுக்கில் முழுதாக உட்காராது, அதனால் போர் அடிக்க அந்த எண்ணை நம்பக் கூடாது.

போரிங் கடையிலிருந்து பிளாக் வந்துவிட்டது. நேரே பூட்டலாமா?

முதலில் மறுபடி ஆறு அளவுகளும் எடுங்கள். வட்டக் கோணலும் மேலுக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசமும் 0.01-க்குள் இருந்தால் நல்ல வேலை. ஹோனிங் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சரிவாக ஓட வேண்டும், அந்தப் பள்ளங்களில்தான் எண்ணெய் நிற்கும். கிராங்க் மூடிகளை டார்க் போட்டு (மேனுவல் சொல்லும் முறுக்கு அளவுக்கு) இறுக்கி வைத்துத்தான் போர் அடித்தார்களா என்று கேளுங்கள். ஹெட்டுக்குப் பதிலாகத் தடித்த தகடு பூட்டி ஹோன் செய்யும் வசதி அந்தக் கடையில் இருந்தால் இன்னும் நல்லது, ஹெட் போல்ட் இறுகும்போது போர் கொஞ்சம் கோணும்.

அப்புறம் கழுவுங்கள். பெட்ரோலோ தின்னரோ வேண்டாம், அது எண்ணெயை மட்டும் எடுத்துவிட்டு ஹோனிங் கல்லின் பொடியைப் பள்ளத்திலேயே விட்டுவிடும். சுடுதண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பிரஷ். நன்றாகத் தேய்த்து, அலசி, காற்றடித்து, உடனே எண்ணெய் தடவுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வெறும் வார்ப்பிரும்பு கண் முன்னாலேயே துருப் பிடிக்கும். பிறகு எண்ணெய் நனைத்த வெள்ளைத் துணியால் போரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் இன்னும் பொடி இருக்கிறது, திரும்பவும் சோப்பு. துணி வெள்ளையாகவே வரும் வரை இதைச் செய்யுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் புது ரிங்கைத் தின்பது அந்தப் பொடிதான்.

பூட்டும்போது எண்ணிட்ட பிஸ்டன் அதன் சிலிண்டருக்கே போகட்டும். 4ஜி15-இல் தலையிலுள்ள அம்பு டைமிங் பெல்ட் பக்கம் பார்க்க வேண்டும்.

பூட்டியாயிற்று. காலையில் மட்டும் லேசாகத் தட்டுகிறது, பிரிக்க வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். குளிர்ந்த எஞ்சினில் கொஞ்ச நேரம் தட்டி, தண்ணீர் சூடாக ஆக அடங்கிவிட்டால் அது ஸ்கர்ட் சத்தம். ஃபோர்ஜ்டு பிஸ்டனில் இது சகஜம். வார்ப்பு பிஸ்டனில் கேட்டால், அளவு எழுதிய தாளை எடுத்து எந்தச் சிலிண்டர் 0.04-ஐத் தொட்டது என்று பாருங்கள், அந்த ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி பிளாக்கில் எர்த் செய்து வைத்தால் சத்தம் குறைகிறதா என்று கவனியுங்கள். சூடான பிறகும் தட்டினால், அல்லது சூடாக ஆகக் கூடினால், சந்தேகத்தை பேரிங் பக்கமோ பிஸ்டன் பின் பக்கமோ திருப்புங்கள், வண்டியை ஓட்டாதீர்கள்.

முதல் நாள் ஜாலான் ஈப்போ ஜாமில் போய் மாட்டிக்கொண்டு ஐட்லிங்கில் நிற்காமல் இருந்தால் ரிங்குக்கு நல்லது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம், ஐட்லிங்கில் அது கிடைக்காது. கசிவும் வெப்பமும் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும், ஞாயிறு விடியற்காலையில் காராக் நெடுஞ்சாலைப் பக்கம் போங்கள். மிதமாக மிதித்து வேகம் கூட்டுங்கள், காலை எடுத்து எஞ்சின் பிரேக்கில் இறங்க விடுங்கள், மறுபடி கூட்டுங்கள். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்ட வேண்டாம். திரும்பி வந்து எஞ்சின் ஆறியதும் எண்ணெய்க் கம்பியையும் ரேடியேட்டர் தண்ணீரையும் பாருங்கள். முதல் எண்ணெயையும் ஃபில்டரையும் சீக்கிரமே மாற்றிவிடுங்கள், அந்தப் பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளில் மின்னும் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த ரிங்கின் மெல்லிய சாம்பல் நிறப் பொடி இருந்தால் இயல்பு. அலுமினியச் செதில் தெரிந்தால் ஏதோ ஒரு ஸ்கர்ட் உராய்கிறது, அப்போது பிரிக்கத்தான் வேண்டும்.